விளக்கு மானியம்

இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு நிழல் பார்க்க, சாய்வு பார்க்க, கடன் படிவத்தில் எந்தக் கட்டத்தில் எதை எழுதுவது என்று பார்க்க எல்லாம் கம்பெனியே கற்றுத் தந்துவிடும். அதில் நான் சொல்ல ஒன்றும் இல்லை. சொன்னாலும் தப்பாகத்தான் சொல்வேன். பதினோரு வருடம் ஓசூர் சுற்றுவட்டாரத்தில் வீட்டு மாடிகளில் சோலார் போட்டுக் கொடுத்துவிட்டு, மூட்டு இரண்டும் எனக்கு முன்னாலேயே ஓய்வு கேட்டுவிட்டதால் போன மாதம் வெளியே வந்தவன் நான். எனக்கு இருக்கும் ஒரே தனித் தகுதி பதற்றம். போன் அடித்தாலே யார் வீட்டு மாடியோ பற்றி எரிகிறது என்று நினைப்பேன். பதினோரு வருடத்தில் ஒரு மாடியும் எரியவில்லை. நினைப்பு மட்டும் அணையவில்லை.

உங்களுக்கு நான் சொல்ல வந்தது ஒரே ஒரு சொல்லைப் பற்றி. நாம் வாடிக்கையாளர் வீட்டில் செருப்பைக் கழற்றும்போதே சொல்ல ஆரம்பிக்கும் சொல். மானியம்.

தளி தாண்டி ஜவளகிரியில் வெங்கடப்பா என்று ஒருவர். எழுபது வயதைக் கடந்தவர். வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், என்னோடு தமிழ். மூன்றையும் செலவழிக்காமல் பத்திரமாக வைத்திருப்பவர். இடது கண் சின்ன வயதிலேயே முள் குத்திப் போய்விட்டது. வலது கண்ணில் புரை. மகன் நாகராஜ் ஓசூரில் உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் ஷிப்டு வேலை. என்னைக் கூப்பிட்டது மருமகள் மஞ்சுளா. வீடும் மின் இணைப்பும் மாமனார் பேரில் இருந்ததால் கையெழுத்து அவர்தான் போடவேண்டும்.

மஞ்சுளா விவரமான பெண். நான் வாயைத் திறப்பதற்குள் கேட்டுவிட்டாள்.

"கரண்டு போனா இது வேலை செய்யுமாண்ணா?"

"செய்யாதும்மா. லைனோட சேர்த்துப் போடறது, லைன் நின்னா இதும் நிக்கும். பேட்டரி வெச்சா ஓடும். ஆனா மானியம் பேட்டரிக்குக் கெடையாது."

"அப்ப பேட்டரி வேணாம். பில்லு கொறைஞ்சா போதும். மானியம் போக மிச்சத்துக்கு பேங்க்ல கேட்டுக்கறோம்."

வேலை அத்தனை சுலபமாக முடிந்த சந்தோஷத்தில் நான் பெரியவர் பக்கம் திரும்பினேன். இங்கேதான் என் நாக்கில் சனி வந்து உட்கார்ந்தது.

"ஐயா, உங்க மாடிக்கு அரசாங்கம் மானியம் தருது."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "மாடிக்கா?"

"மாடிக்குத்தாங்க. நெலத்துக்கு இல்ல," என்று சொல்லிவிட்டு நானே சிரித்துக்கொண்டேன். நல்ல ஜோக் என்று நினைப்பு.

"எம் பேருக்கா?"

"உங்க பேருக்கேதான்."

"எரிஞ்சுகினே இருக்கணுமா சாரு?"

"எரிஞ்சுகிட்டே இருக்கும்."

"நின்னு போச்சுன்னா?"

"நிக்கவே கூடாதுங்க ஐயா! நாங்க போட்டது நின்னா எங்க மானம் போயிடும்."

அவர் கொஞ்ச நேரம் கைகளைத் தொடையில் தேய்த்தார். பிறகு பேனாவை வாங்கி, கண்ணைத் தாளுக்கு ஒட்டிக் கொண்டுபோய், எழுத்து எழுத்தாகக் கையெழுத்துப் போட்டார். முகத்தில் ஒரு பெருமை. நம் விளக்கத்தில்தான் மயங்கிவிட்டார் என்று எடுத்துக்கொண்டேன். டேப் பிடித்து மாடியை அளந்தேன். வேலை முடிந்ததும் சோலார் பலகைகளுக்கு முன்னால் அவரை நிறுத்திப் போட்டோ எடுத்தேன். அது இல்லாமல் மானியத்துக்கு விண்ணப்பம் ஏறாது. அவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார். படம் நன்றாக வந்திருந்தது.

மூன்று மாதம் கழித்து மஞ்சுளாவிடமிருந்து போன். நான் அப்போது கிருஷ்ணகிரியில் ஒரு டீக்கடையில் இருந்தேன்.

"அண்ணா, நீங்க என்னமோ வெச்சிட்டுப் போயிட்டீங்க. மாமா மாடியை விட்டு எறங்க மாட்டேங்கறாரு."

என் கையிலிருந்த டீ என் சட்டைக்குப் போயிற்று. "கரண்டு அடிச்சிருச்சா?"

"அதெல்லாம் இல்லண்ணா."

"புகை வருதா?"

"வரலண்ணா."

"ஆளுக்கு மூச்சு இருக்குதா?"

"காப்பி கேக்கறாருண்ணா. நான் சொல்றதைக் கொஞ்சம் கேளுங்களேன்."

கேட்டேன். கண் ஆஸ்பத்திரி வண்டி தளிக்கு வந்து புரை ஆபரேஷனுக்கு ஆட்களை ஏற்றிப்போகிறது. வெங்கடப்பா பேர் இரண்டு தடவை பட்டியலில் இருந்தும் போகவில்லை. மாடியில் வேலை இருக்கிறது, வரமுடியாது என்கிறாராம். இருப்பது ஒரு கண். புரை முற்றிவிட்டது, இந்த மாதம் தாண்டினால் உள்ளே உடைந்துவிடலாம், அப்புறம் பார்வையைத் திருப்பிக் கொண்டுவர முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மூன்றாவது வண்டி மறுநாள் காலை ஆறு மணிக்கு.

புகை இல்லை என்று அவள் தெளிவாகச் சொன்ன பிறகும், நான் ஆபீசுக்குப் போய்த் தீயணைக்கும் சிலிண்டரையும் ரப்பர் கையுறையையும் எடுத்துக்கொண்டுதான் பைக்கைக் கிளப்பினேன். தளியில் ஒரு போலீஸ்காரர் நிறுத்தி, "எங்கய்யா தீ?" என்று கேட்டார். பதில் சொல்ல எனக்கே தெரியவில்லை.

மாடிக்குப் போனால், வெங்கடப்பா பலகைகளுக்கு அடியில் சாக்கை விரித்து உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் பக்கெட், ஈரத்துணி. கால் சத்தம் கேட்டதும், "சாருங்களா? வாங்க. சுத்தமா இருக்குதா பாருங்க," என்றார். கண்ணாடிபோல இருந்தது. ஒரு நாளைக்கு நாலு தடவை தடவித் தடவியே துடைக்கிறாராம். கரண்டு போகும் நேரங்களில் எழுந்து, கையைக் கூப்பிக்கொண்டு, திரும்பி வரும்வரை நிற்கிறாராம். மஞ்சுளா சொல்லி முடிப்பதற்குள் நான் விளக்கம் சொல்ல ஆரம்பித்துவிட்டேன். தலையில் ஹெல்மெட்டோடு.

"ஐயா, நீங்க தைரியமா போயிட்டு வாங்க. ஒண்ணும் ஆகாது."

"ஒண்ணும் ஆகாதா?" என்றார். குரல் ஒரு மாதிரி இருந்தது. எனக்கு உறைக்கவில்லை.

"ஆகவே ஆகாது. நம்ம பேப்பர் எல்லாம் பக்கா. எப்ப ஆள் வந்து சோதனை போட்டாலும் நாம ஜெயிச்சிருவோம்!"

எழுந்திருக்கப் போனவர் அப்படியே மறுபடி உட்கார்ந்தார். "சோதனைக்கு வேற வருவாங்களா," என்று சொல்லிக்கொண்டே துணியை எடுத்தார்.

மஞ்சுளா என்னைப் பார்த்த பார்வையை இப்போது நினைத்தாலும் மூட்டு வலிக்கிறது. "அண்ணா, உங்களைக் கூப்பிடாமயே இருந்திருக்கலாம்," என்றாள்.

படிக்கட்டுக்கு ஒதுங்கி எங்கள் சீனியருக்குப் போன் போட்டேன். மின்சார லைனில் வாழ்நாளைக் கழித்துவிட்டு எங்களிடம் ஆலோசகராக வந்தவர். பேர் சொன்னால் திட்டுவார், வேண்டாம். நடந்ததையும், நடக்காததையும், நடந்துவிடுமோ என்று நான் பயப்படுவதையும் ஒரே மூச்சில் கொட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "அவரு என்னா சொன்னாரு?" என்றார்.

"யாருங்க?"

"அந்தப் பெரியவருய்யா. நீ பேசினதை எல்லாம் சொல்லிட்ட. அவரு என்னா சொன்னாரு?"

யோசித்தேன். நான் பேசியதையே மறுபடி முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன்.

"போய்க் கேளு. வாயை மூடிகினு கேளு. உனக்குக் கஷ்டந்தான்," என்று சொல்லி வைத்துவிட்டார்.

திரும்பிப் போய் ஹெல்மெட்டைக் கழற்றி, சாக்கின் ஓரத்தில் உட்கார்ந்தேன். கேள்விகூடக் கேட்கவில்லை. வாயைத் திறந்தால் நானே பதிலையும் சொல்லிவிடுவேன் என்று எனக்குப் பயம். வெங்கடப்பா துணியைப் பிழிந்து கம்பியில் போட்டார். அப்புறம் தானாகவே பேசினார்.

"எங்கப்பாவுக்கு ரெண்டு ஏக்கரா மானியம் இருந்துச்சு சாரு. விளக்கு மானியம்."

நாம் மானியம் என்றால் தள்ளுபடி என்று நினைக்கிறோம். இந்தப் பக்கத்தில் தமிழோ தெலுங்கோ கன்னடமோ, பழைய ஆட்களுக்கு மானியம் என்றால் நிலம். கோயிலுக்கோ ஊருக்கோ ஓர் ஊழியம் செய்கிறவருக்கு விட்ட நிலம். ஊழியம் இருக்கும்வரைதான் நிலம். வெங்கடப்பாவின் அப்பாவுக்குக் குன்றின் மேல் இருந்த சின்னக் கோயிலில் தினம் பொழுது சாய ஒரு விளக்கு ஏற்றும் ஊழியம்.

"ஒரு மழைக்காலம் அப்பா காய்ச்சல்ல படுத்துட்டாரு. நான் சின்னப் பையன், கண்ணுல முள்ளு குத்துன வருசம். எட்டு நாளு விளக்கு எரியல. யாரோ எழுதிப் போட்டுட்டாங்க. ஆளுங்க வந்து சங்கிலி புடிச்சு அளந்தாங்க. அப்பா பயந்துகினு கேட்டாரு. ஒண்ணும் ஆகாதுன்னாங்க. அடுத்த வெள்ளாமைக்கு நெலம் எங்களுது இல்ல."

மஞ்சுளா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பதினாலு வருடம் அந்த வீட்டில் இருக்கிறாள். இதை அவள் கேட்டதே இல்லை.

"நீங்களும் டேப்பு புடிச்சு அளந்தீங்க. போட்டோ எடுத்தீங்க. மானியம்னீங்க. நிக்கவே கூடாதுன்னீங்க. நாங்க விட்ட விளக்கு மறுபடியும் எங்க வீட்டைத் தேடிகினு வந்திருக்குதுன்னு நெனச்சுத்தான் கையெழுத்துப் போட்டேன். நான் போய் ஆஸ்பத்திரில படுத்துக்கினு, இது நின்னு போச்சுன்னா? கண்ணு ஒண்ணுதான் சாரு. வீடும் ஒண்ணுதான்."

வாயை மூடிக்கொண்டு கேள் என்று சீனியர் சொல்லியிருந்தார். அதற்காகச் சும்மா இருந்துவிடுவேனா? உண்மையைச் சொன்னேன். ஐயா, இது ஊழியம் இல்லை, நாம் காசு கொடுத்து வாங்கிய பொருள், விலையில் ஒரு பங்கை அரசாங்கம் கொடுத்திருக்கிறது, வீட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆதாரத்துக்கு வங்கியிலிருந்து வந்த செய்தியை மஞ்சுளாவின் போனில் எடுத்துக் காட்டினேன்.

"என்னா எழுதியிருக்குது, படிம்மா," என்றார்.

மஞ்சுளா தயங்கித் தயங்கிப் படித்தாள். "மானியத் தொகை..."

"பாத்தீங்களா," என்றார்.

வேறு சொல் தேடினேன். "இது சப்சிடிங்க ஐயா."

"அப்படின்னா?"

"மானியந்தாங்க," என்றேன். என் வாழ்க்கையில் நான் தோற்ற வாதங்களில் இதுதான் சீக்கிரம் முடிந்தது.

மறுநாள் காலை ஆறு மணிக்கு வண்டி. ஒரு மனிதர் அறுபது வருடம் உள்ளே வைத்திருந்த பயத்தை அதற்குள் விளக்கம் சொல்லித் தீர்க்க முடியாது என்று எனக்கே புரிந்துவிட்டது. அந்த ஒரு தடவைதான் நான் உருப்படியாக ஒரு கேள்வி கேட்டேன்.

"உங்கப்பா வெளியூர் போக வேண்டி வந்தா, விளக்கை யாருங்க ஏத்துவாங்க?"

"பங்காளி ஏத்துவான். முறை மாத்திக்கிறது. வாய்ப்பேச்சு பத்தாது, விளக்குக்கு முன்னால நின்னு சொல்லணும்."

எழுந்தேன். பலகைகளுக்கு முன்னால் போய், ஹெல்மெட்டைத் தேங்காய்த் தட்டுப்போல இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு சொன்னேன்: "வெங்கடப்பா திரும்பி வர்ற வரைக்கும் முறை என்னுது."

அவர் யோசித்தார். "நீங்க பங்காளி இல்லயே."

ஹெல்மெட்டை நான் கீழே இறக்குவதற்குள் அவரே கேட்டார். 

"சாருக்கு எந்த ஊரு?"

"மத்தூருங்க."

"எம் பொண்ணைக் குடுத்த ஊரு. அப்ப சம்பந்தி வழி ஆகுது. பரவால்ல. வெயில் ஏறதுக்கு முன்னால வந்துரணும். வேற ஆளை அனுப்பக் கூடாது."

மறுநாள் அவர் வண்டி ஏறினார். ஏறும்போது மஞ்சுளாவிடம் சொன்னது: "சம்பந்தி ஓரத்தை எல்லாம் விட்டுட்டுப் போயிருவாரு. பாத்துக்கோ."

பெரியவரை ஏமாற்றித்தானே அனுப்பினீர்கள் என்று கேட்பீர்கள். நானும் அன்று வீடு திரும்பும்போது என்னையே கேட்டுக்கொண்டேன். எனக்குக் கிடைத்த பதில் இதுதான்: முறை எடுத்துக்கொண்டேன் என்று சொல்லிவிட்டுப் போகாமல் இருந்தால் ஏமாற்று. போய்த் துடைத்தால் இல்லை. ஆகவே போனேன். ஓசூரிலிருந்து ஜவளகிரிக்கு, குளிரில் பல் தந்தியடிக்க, என் மூட்டுகளை வைத்துக்கொண்டு. ஒரு நாள் காட்டோரம் தூரத்தில் ஒரு பெரிய உருவத்தைப் பார்த்து, யானை என்று பைக்கைத் திருப்பி இரண்டு கிலோமீட்டர் பறந்து வந்தேன். பின்னால் வந்த பால்காரர், "அது வைக்கப்போர் சார்," என்றார். மஞ்சுளா, "மாமாதான் ஊர்ல இல்லையேண்ணா, நாளைக்கு வராதீங்க," என்றாள். அவள் சொன்னது நியாயம். ஆனால் ஆஸ்பத்திரியிலிருந்து, துணைக்குப் போன நாகராஜின் போனில் அவர் கேட்ட முதல் கேள்வி, "சம்பந்தி வந்தாரா?" என்பது. வந்தார் என்று மஞ்சுளா சொல்வது உண்மையாக இருக்கவேண்டும் அல்லவா?

அதற்குப் பிறகு நான் எந்த வீட்டிலும் மானியம் என்ற சொல்லை முதலில் சொன்னதில்லை. விலை இவ்வளவு, அதில் அரசாங்கம் தருவது இவ்வளவு, வங்கி தருவது இவ்வளவு, நின்றால் நாங்கள் வருவோம், எது ஆனாலும் வீடு உங்களுடையது. இதைச் சொல்லிவிட்டு, நீங்கள் என்ன புரிந்துகொண்டீர்கள் என்று கேட்பேன். பதில் வரும்வரை வாயை மூடிக்கொண்டிருப்பேன். நேரம் பிடிக்கும். பிடிக்கட்டும்.

அவர் போன நாலாவது நாள் உண்மையிலேயே யானை சாலையில் நின்றது. வனத்துறை ஆட்கள் வண்டிகளை நிறுத்தி வைத்துவிட்டதால் நான் போய்ச் சேரவே தாமதம். முதல் வரிசையைத் துடைத்து முடித்தபோது கீழே ஆட்டோ சத்தம். ஆஸ்பத்திரி வண்டி தளியில் இறக்கிவிட, வெங்கடப்பா வந்துவிட்டார். கறுப்புக் கண்ணாடி. சட்டைப்பையில் சொட்டு மருந்து. வீட்டுக்குள்கூடப் போகாமல் நேராக மாடிக்கு ஏறினார், மஞ்சுளா கையைப் பிடித்துக்கொள்ள.

பலகைகளுக்கு முன்னால் வந்து நின்றார். பார்த்தார். கண்ணாடியைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"சாரு," என்றார். விரலை நீட்டிக் காட்டினார். "எரியலயே."

நான் துணியைப் போட்டுவிட்டு ஓடினேன். சுவரில் மாட்டியிருந்த இன்வெர்ட்டர் பெட்டியில் பச்சை விளக்கு இருந்தது. திரும்பி ஓடிவந்தேன். "எரியுதுங்க! ஓடுதுங்க!"

"இல்ல. கருப்பா இருக்குது. நான் பாத்தப்ப சுத்தியும் தகதகன்னு இருந்துச்சு. எப்பவும் இருந்துச்சு."

மஞ்சுளாவுக்குத்தான் முதலில் விளங்கியது. "மாமா, டாக்டர் சொன்னாரில்ல? புரை முத்தினா எதைப் பாத்தாலும் சுத்தி வெளிச்சம் அடிக்கும்னு? அது இதுல இருந்த வெளிச்சம் இல்ல. உங்க கண்ணுல இருந்தது."

அவர் கையை நீட்டிப் பலகையைத் தொட்டார். நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.

"வெறுந் தகடு."

"ஆமாங்க. வெயில் பட்டா கரண்டு தர்ற தகடு. கடையில விக்கறது."

"அப்ப ஊழியம் இல்ல."

"இல்லீங்க ஐயா."

சந்தோஷப்படுவார் என்று எதிர்பார்த்தேன். முகம் வாடிப்போயிற்று. தன்னைத் தேடி வந்ததாக நினைத்த விருந்தாளி அடுத்த வீட்டுக்கு வந்தவர் என்று தெரிந்தால் எப்படி இருக்கும், அப்படி. பலகையிலிருந்து கையை எடுத்தார்.

"நின்னு போச்சுன்னா?"

"மெக்கானிக் வருவான்."

"வீடு?"

"வீடு உங்களுதுங்க. பட்டா உங்க பேர்ல."

"ஒண்ணும் செய்யாமயேவா?"

"ஒண்ணும் செய்யாமயே."

அவர் மெல்லத் திரும்பி மாடியைச் சுற்றிப் பார்த்தார். காயப்போட்ட ராகி. கொடியில் பிள்ளைகளின் பள்ளிச் சட்டை. அந்தப் பக்கம் காடு. இந்தப் பக்கம் மஞ்சுளா. அவள் முகத்தில் வந்து பார்வை நின்றது.

"ஏம்மா இப்படி எளைச்சுப் போயிருக்கற?"

"மூணு மாசமா உங்களுக்கு மாடிக்குச் சோறு தூக்கினேனே, எளைக்காம குண்டாவா இருப்பேன்?"

அவர் சிரித்தார். அந்த வீட்டுக்கு நான் எத்தனையோ தடவை போயிருக்கிறேன், அவர் பல்லைப் பார்த்தது அன்றுதான். பிறகு அவள் கையை விட்டுவிட்டு, சுவரைத் தடவாமல், ஒவ்வொரு படியையும் பார்த்துப் பார்த்துத் தானே இறங்கினார். கீழிருந்து குரல் கேட்டது.

"மஞ்சுளா, மத்தூருக்கு பஸ்ஸு எத்தனை மணிக்கு? பொண்ணைப் பாத்து மூணு மாசமாச்சு."

"மாமா! கண்ணுக்கு மருந்து விட்டு இன்னும் ஒரு மணி நேரம் ஆகல! பேசாம உள்ள போங்க."

எனக்கு இரண்டாவது வரிசை பாக்கி இருந்தது. முறை முடிந்துவிட்டது. இனி யாரும் கேட்கப் போவதில்லை. துணியை நனைத்துப் பிழிந்து அதையும் துடைத்தேன், ஓரத்தை விடாமல். பிறகு இறங்கினேன்.